வாயைத் திறந்து காட்டு

ஊசிப் போதையை விடுவதற்கான மாத்திரையை அரசு மையத்தில் கையில் கொடுக்க மாட்டார்கள், வாங்குகிறவர்கள் வெளியே விற்றுவிடுவார்களாம். நாக்குக்கு அடியில் வைத்து, கரைந்ததும் நர்ஸிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டும். ஜெரோம் திறக்கும்போதெல்லாம், சோறூட்டி வளர்த்த பழக்கத்தில், கூட வந்த அம்மா சூசையம்மாளின் வாயும் தானாகத் திறந்துகொள்ளும். "உங்களைக் கேக்கலம்மா" என்று நர்ஸ் சிரிப்பாள். காய்ச்சலில் மூன்று நாள் வராததற்கு அவன் பெயரை அடித்துவிட்டார்கள். மறுபடி சேர்க்க மேலிடத்து ஒப்புதல் வேண்டுமாம். ஒரு வாரம் பொறுத்தவன் எட்டாம் நாள் பழைய ஊசியிடமே போய்விட்டான். மகனின் அடக்கம் முடிந்து, அவனுடைய சிகிச்சை அட்டையை ஒப்படைக்க வந்தவளிடம், "ஒப்புதல் வந்துடுச்சும்மா, தம்பி எங்க?" என்றாள் நர்ஸ். பதில் சொல்ல வாயைத் திறந்தாள் சூசையம்மாள். பழக்கதோஷத்தில் நர்ஸ் குனிந்து உள்ளே பார்த்தாள்.