வெள்ளிக்கிழமை அப்டேட்

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பத்துக்கு, கிளினிக்கின் டோக்கன் மெசேஜ் எல்லாம் நின்றுபோனது.

ஜும்ஆ முடிந்து முத்தலிப் தன் சொஃப்ட்வெயார் கம்பனிக்குத் திரும்பியபோது, கிளினிக் நடத்தும் சுபைறா கதிரையில் காத்திருந்தாள்.

"உங்கட நம்பர் கிட்டவந்திட்டு, வாங்க எண்டு ஒவ்வொராளுக்கும் மெசேஜ் போகணும். ஒண்டும் போகல்ல. எழுபது பொம்புளையள் ஒண்டா வந்து வெயில்ல நிக்காங்க. இண்டைக்குச் சரிவரல்லயெண்டா நான் மட்டக்களப்புக் கம்பனிக்கு மாறிருவன்."

"என்ன நடந்த?" கணினியில் தட்டிக்கொண்டிருந்த கஜனியை முத்தலிப் கேட்டார்.

"புரோக்கரோட கனெக்ஷன் விழுகுதில்ல சேர்."

"புரோக்கரா? கலியாணமா பேசுறீங்க இஞ்ச?" என்றாள் சுபைறா.

"மெசேஜ வாங்கி, வரிசையில வெச்சு அனுப்புற சொஃப்ட்வெயார் அக்கா. நம்மட புரோகிராம் பாவிக்கிற லைப்ரரி எல்லாம் அப்டேட்டில புதுசாகியிரிக்கி. புதுசு, பூட்டுப் போட்ட வழியாலதான் போவனெண்டு நிக்கி. நம்மட புரோக்கர் பழைய வழியத்தான் திறந்து வெச்சிரிக்கி."

முத்தலிப் திரும்பினார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஹிஷாம் உள்ளே வந்தான். சேர்ந்து மூன்று மாதம். வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் மேசையில். இன்று கையெழுத்து. அந்தக் கடிதத்தை நம்பித்தான் பெண் வீட்டில் நாள் குறித்திருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமையில ஒருத்தரும் அப்டேட் போடப்படாதெண்டு சொன்னனா இல்லையா?"

"வல்லாஹி நான் தொடல்ல சேர்."

"பாங்கு சொல்லக்குள்ள நீதானே கடைசியா எழும்பின?"

கையெழுத்தில்லாமலே கடிதம் மேசை லாச்சிக்குள் போனது.

"சேர், அது நான்தான்," என்றாள் கஜனி.

"நீயா? நாங்க பள்ளிக்குத் தொழப் போற நேரம் பார்த்தா?"

"ஓம் சேர்."

"அப்ப வாற கிழமை நீ கேட்ட லீவு இல்ல."

பாண்டிருப்புக் கோயிலில் அன்று தீமிதிப்பு. அவளுடைய அண்ணன் முதல்தரம் தீயில் இறங்குகிறான்.

கஜனியின் விரல்கள் நின்றன. மறுபடி தட்டின.

"சரி சேர்."

"பொறுப்பில்லாத புள்ள," என்றாள் சுபைறா.

"கோவிச்சுக்காதீங்க லாத்தா. சட்டமெண்டா சட்டம். ஆரெண்டாலும் நான் விடமாட்டன்," என்றார் முத்தலிப்.

பத்து நிமிடத்தில் சுபைறாவின் போன் அடித்தது. கிளினிக்கிலிருந்து.

"போகுதா? எல்லாருக்கும் போகுதா? அல்ஹம்துலில்லாஹ்!" எழும்பினாள். "சரி, மட்டக்களப்பு இப்போதைக்கு வேணாம். ஆனா ஏன் நடந்ததெண்டு எழுதி அனுப்புங்க."

போனாள்.

எழுதுவதற்காக முத்தலிப் பதிவைத் திறந்தார். யார், எப்போது, எதை மாற்றினார் என்று எல்லாம் அதில் இருக்கும். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். பன்னிரண்டு பத்துக்கு, அவருடைய பெயரே.

"பாங்கு கேட்டிச்சு... அவசரத்தில... பில்லு எழுத்து வடிவா வரட்டுமெண்டு ஒரு அப்டேட்டத்தானே அமத்தினன்."

"அதோட சேர்ந்து இருபத்து மூண்டு லைப்ரரி வந்திட்டு சேர்," என்றாள் கஜனி.

"எப்ப கண்ட?"

"அவ வர முன்னமே."

"ஏன் சொல்லல்ல?"

"அவ இருக்கக்குள்ள எப்பிடி சேர்?"

முத்தலிப் லாச்சியை இழுத்தார். கடிதத்தில் கையெழுத்து. கஜனியின் லீவுத் தாளில் 'ஒரு நாள்' என்பதை வெட்டி, 'இரண்டு' என்று எழுதிக் கையெழுத்து.

பிறகு இரண்டு விரலால் மெதுவாகத் தட்டி, சுபைறாவுக்கு அனுப்பினார். இரண்டே வரி.

கெடுத்தது: முத்தலிப்.

சரிசெய்தது: கஜனி.