சந்தேகம் கேட்பவர்

"சார், திரை தலைகீழாப் போனா ஓரத்துல இருக்கிற அம்புக்குறியைத் தொடணும்னு நேத்தே சொன்னேனே?"

"சொன்னீங்கம்மா. மறந்துபோச்சு," என்றார் ஸ்டோர் கீப்பர்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அம்புக்குறியைத் தொட்டாள். திரை நேரானது. மாடியிலிருந்து கிடங்குக்கு இறங்கி வருவது இன்று இது நாலாவது தடவை. மணி இன்னும் பன்னிரண்டுகூட ஆகவில்லை.

கிடங்கில் மொத்தம் பதினெட்டு டேப்லெட். சரக்கு வருவதையும் போவதையும் பதிய வாங்கியவை. பழசாகிவிட்டதால் தயாரித்தவர்களே கைகழுவிவிட்டார்கள். தூக்கிப்போட மேனேஜருக்கு மனசு வரவில்லை.

"லினக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும் சார். இலவசம். நமக்கு ஏத்த மாதிரி மாத்திக்கவும் செய்யலாம்," என்று சொல்லித்தான் அவள் உள்ளே வந்தாள். ஆறு மாச ஒப்பந்தம்.

"இவங்களுக்குச் சந்தேகம் வர்ற வரைக்கும் நீங்க இருங்க. சந்தேகம் நின்னா உங்க வேலையும் முடிஞ்சுது," என்று மேனேஜர் முதல் நாளே, கிடங்கில் எல்லார் முன்னாலும் கறாராகச் சொல்லிவிட்டார்.

மூட்டை ஏற்றுகிறவர்கள்கூட ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்கள். ஸ்டோர் கீப்பருக்கு மட்டும் ஏறவே இல்லை. கீபோர்டு மேலே வரவில்லை என்பார். டேப்லெட் தூங்கி எழுந்ததும் வைஃபை கிடைக்கவில்லை என்பார். போதாக்குறைக்கு, ஒவ்வொன்றையும் தேதி போட்டுப் புகார் நோட்டில் எழுதி, சாயங்காலம் மேனேஜர் மேஜைக்கு அனுப்பிவிடுவார்.

"மண்டையா அது, மரக்கட்டையா?" என்று வீட்டில் கணவனிடம் பொருமினாள்.

"விடு. தினமும் பத்து தடவை மாடி ஏறி இறங்கறே. உடம்புக்கு நல்லதுதானே?"

அவள் முறைத்த முறைப்பில் அவன் பாத்திரம் கழுவப் போய்விட்டான்.

அஞ்சாவது மாசம் பொறுமை போய்விட்டது. நேராக மேனேஜரிடம் போனாள்.

"சார், அவரை வேற செக்‌ஷனுக்கு மாத்திடுங்க. சத்தியமா என்னால முடியலை."

மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, அவள் முன்னாலேயே விளாசினார். "நேத்து வந்த பசங்க கத்துக்கிட்டாங்க. உங்களுக்கு என்ன கேடு?"

"வயசாயிடுச்சு சார். இந்தம்மா பக்கத்துல இருந்தா எப்படியோ சமாளிச்சுடுவேன்." தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

மேனேஜர் புகார் நோட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாக இருந்தது. மூடி வைத்தார்.

அடுத்த வாரம் அவளைக் கூப்பிட்டார்.

"இந்த ஒரு கிடங்குக்கே இவ்வளவு சந்தேகம். மத்த நாலு கிடங்குலயும் லினக்ஸ் போடப் போறோம். நிரந்தரமா ஒரு ஆள் இல்லாம தாங்காது. இந்தாங்க, உங்க ஆர்டர்."

அன்று வீட்டில் ஒரே சிரிப்பு, கும்மாளம்.

மறுநாள் கிடங்கிலிருந்து அழைப்பே இல்லை. மணி பத்தாகியது. பதினொன்றாகியது. அவரை மாட்டிவிட்டது வேறு மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அவளாகவே இறங்கிப் போனாள்.

ஸ்டோர் கீப்பர் மேஜையில் மூச்சு நின்றுபோன டேப்லெட் ஒன்று. அதில் ஒரு கீபோர்டைச் சொருகி, விரலைப் பார்க்காமலே தட்டிக்கொண்டிருந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. அவள் அரை நாள் உட்கார்ந்து செய்கிற வேலை. பத்தே நிமிஷத்தில் டேப்லெட் கண் திறந்தது.

"இந்தாப்பா, கீழே போடாம வச்சுக்கோ," என்று ஃபோர்க்லிஃப்ட் டிரைவரிடம் நீட்டினார்.

டிரைவர் அவளைப் பார்த்து வெள்ளந்தியாகச் சிரித்தான். "நீங்க லீவு போட்டா எங்களுக்கு எப்பவும் சார்தான் மேடம்."

அவள் மேஜையருகே போனாள்.

"சார்... இதெல்லாம் எப்போ கத்துக்கிட்டீங்க?"

வாசலில் வந்து நின்ற லாரியின் சரக்குச் சீட்டைப் புரட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல பல வருஷமா லினக்ஸ்தாம்மா ஓடுது. உங்க ஆர்டர்தான் நேத்து வந்துது."