தலையில்லாத பிரபு

ஓவியர் கொண்டுவந்த பிரபுவுக்கு எல்லாம் இருந்தது, தலை மட்டும்தான் இல்லை.

அது அவருடைய தொழில் முறை. கோட்டு, தங்கச் சங்கிலி போட்ட கடிகாரம், தடித்த புத்தகத்தின் மேல் ஊன்றிய கை என்று உடம்பை வீட்டிலேயே தீட்டி வைத்துவிடுவார். கேட்டவர் வீட்டுக்குப் போய் முகத்தைச் சேர்ப்பார். ஒல்லிக்குச்சியான பெரிய மனிதர்கள் பலருக்கு இதனால் தொந்தி இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

இந்தத் தொந்தி வக்கீலின் அப்பாவுக்கு.

"அப்பா காலமாகி ரொம்ப நாளாச்சு, படம் ஒண்ணுமில்ல. என் முகத்தையே வயசாக்கிப் போட்டுடுங்க" என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

மாலையில் வெள்ளைக்கார நீதிபதி தேநீருக்கு வருகிறார். படத்தைப் பார்த்ததும், இது பரம்பரையாக வாழ்ந்த குடும்பம் என்று அவர் நம்ப வேண்டும். புதிதாகக் கோட்டுப் போட்டவனை எந்தத் துரையும் தன் பக்கத்தில் உட்காரவைத்ததில்லை.

முகம் அச்சு அசலாக வந்துவிட்டது. சுருக்கங்கள்தான் சண்டித்தனம் செய்தன. எங்கே போட்டாலும் வக்கீலுக்குப் பல்வலி வந்ததுபோல் இருந்தது.

ஓவியர் அலுத்துப்போய் ஜன்னல் பக்கம் திரும்பினார். லாயத்தில் குதிரைக்காரக் கிழவர் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆகா, சுருக்கமென்றால் அதுவல்லவா சுருக்கம்!

கேட்காமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டார். கண்ணோரத்துக் கோடுகள், வாயோரத்து மடிப்பு, நெற்றி. ஒவ்வொன்றும் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் போய் உட்கார்ந்தது. ஓவியருக்குப் பெருமை தாங்கவில்லை.

வக்கீல் உள்ளே வந்தார். படத்தைப் பார்த்ததும் பேயறைந்ததுபோல் நின்றுவிட்டார்.

போயும் போயும் குதிரைக்காரன் முகமா கிடைத்தது என்று கேட்டால் என்ன சொல்வது? ஓவியர் அவசரமாகத் துணியை எடுத்து அழிக்கப் போனார்.

வக்கீல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். துணியைப் பிடுங்கிக் கீழே போட்டார்.

வாசலில் நீதிபதியின் வண்டி நுழைந்துகொண்டிருந்தது. வராந்தாவில் காத்திருந்த கட்சிக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

வக்கீல் ஜன்னலுக்குப் போனார். லாயத்தைப் பார்த்து, அத்தனை பேர் காதிலும் விழும்படி கூப்பிட்டார்.

"அப்பா, குதிரை கிடக்கட்டும். உள்ள வந்து உக்காருங்க."