சப்வூஃபர் தலையில் பூச்சாடி

நான் சப்வூஃபர். டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உறுமுகிற கறுப்பு ஸ்பீக்கர் பெட்டி. விருந்தாளி யார் வந்தாலும் வீட்டுக்காரர் கதிரேசன் ஒரே சண்டைப் பட டிஸ்க்கைப் போட்டு, நேராகப் பாலம் வெடிக்கிற இடத்துக்கு ஓட்டுவார். ஜன்னல் அதிரும். காபி டம்ளர் நகரும்.

"படமே நான்தான்" என்பேன்.

"ஹீரோவின் புருவத்து வியர்வையைக் காட்டுவது யாராம்?" என்று டிவி சிலிர்த்துக்கொள்ளும்.

"அவன் தலையில் விக் ஒட்டிய பசையையும் நீதான் காட்டுகிறாய்" என்று வாருவேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் முதன்முறையாக வீடே உட்கார்ந்து முழுப்படம் பார்த்தது. சாகப்போகிற தம்பி ஹீரோவிடம் ஏதோ முனகினான். யாருக்கும் கேட்கவில்லை. கதிரேசன் சத்தத்தை ஏற்றினார். அடுத்த நொடி பாலம் வெடித்தது. என் வாழ்நாளின் ஆகச்சிறந்த உறுமல் அது! தொட்டிலில் குழந்தை வீறிட்டது.

கதிரேசனின் மனைவி தமயந்தி என் ஒயரைப் பிடுங்கினாள். "அவன் என்ன சொன்னான்? திருப்பிப் போடுங்க."

திருப்பிப் போட்டார். "பாலத்துக்கு வெடி வச்சதே நான்தாண்ணே. போயிடாத."

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இத்தனை நாளாக வெடித்த எனக்கே அந்தப் பாலம் ஏன் வெடிக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

ஒயரை யாரும் திரும்பச் செருகவில்லை. இப்போது என் தலையில் பூச்சாடி.

"புது வேலை எப்படி?" என்றது டிவி.

"ஆடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்" என்றேன். "நன்றாகச் செய்கிறேன் என்கிறார்கள்."