பூக்கட்டிப் பார்த்த டேட்டாபேஸ்

"ரெண்டும் நல்ல இடந்தானா?" என்று குருக்கள் கேட்டார்.

ஒன்று பெரிய இடம், செலவு கூடுதல். மற்றது சின்ன இடம், ஆனால் ரொம்ப நாள் பழகினது என்றார் சீவரத்தினம். மூன்று மாதமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாயிற்று, இனிமேல் முருகன் விட்ட வழி என்று பொட்டலங்கள் இருந்த தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். குருக்கள் பக்கத்தில் நின்ற குணேஸ்வரியை ஏற இறங்கப் பார்த்து, பெண்ணுக்கு என்ன நட்சத்திரம் என்று விசாரித்தார்.

குணேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. பார்க்க வந்தது மாப்பிள்ளையை அல்ல, டேட்டாபேஸை என்று சொன்னால் அந்த மனிதர் மந்திரத்தையே மறந்துவிடுவார்.

பிரிக்பீல்ட்ஸில் சீவரத்தினம் நடத்திய அலுவலகம் தொழிற்சாலைகளுக்கு இரும்புக் கூரை வடிவமைத்துக் கொடுத்து வந்தது. தொண்ணூற்றொன்றாம் ஆண்டு பிறந்ததும், அந்த வேலையைக் கம்ப்யூட்டரில் செய்ய ஒரு மென்பொருள் எழுதுவது என்று முடிவாயிற்று. தூண், உத்திரம், போல்ட் என்று ஒவ்வொன்றின் அளவையும் சேர்த்துவைக்க ஒரு டேட்டாபேஸ் வேண்டும். அதில்தான் வந்தது சண்டை.

குணேஸ்வரி கேட்டது பெரியதை. அதற்கென்று தனியாக ஒரு பெரிய கம்ப்யூட்டரே வாங்க வேண்டும். அவளுக்குக் கீழே வேலை பார்த்த ராதாகிருஷ்ணன் கேட்டது சின்னதை. அது இருக்கிற கம்ப்யூட்டரிலேயே ஓடும், அவனுக்கு அது தலைகீழ்ப் பாடம். ஆறு மாதத்தில் முடிக்க வேண்டிய வேலைக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு உட்கார முடியாது, பெரியது வந்தால் தான் வேறு வேலை தேடிக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். இருவரும் முகம் கொடுத்துப் பேசி ஒரு மாதம் ஆகிறது.

குணேஸ்வரியின் பயம் வேறு. கிள்ளான் கிடங்கு ஒன்றின் கூரையை வைத்துச் சோதித்தபோது, ஒரே உத்திரத்தை அவளும் அவனும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டார்கள். அவள் கனத்தைப் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று திருத்திச் சேமித்தாள். அடுத்த நிமிடம் அவன் தன் திரையில் இருந்த பழைய எட்டைச் சேமித்தான். சின்ன டேட்டாபேஸ் ஒரு வார்த்தை சொல்லாமல் எட்டையே வைத்துக்கொண்டது. நிஜக் கூரையில் இப்படி நடந்தால் கீழே நிற்கிறவர்கள் கதி என்ன என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சீவரத்தினத்துக்கோ அவளும் வேண்டும், அவனும் வேண்டும். கடைசியில் அவர் கண்டுபிடித்த வழிதான் இந்தப் பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளை அரளி வந்தால் பெரியது, சிவப்பு அரளி வந்தால் சின்னது. அதுவும் இன்றைக்கே, பத்து மணிக்குள் பார்த்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

பொட்டலம் கட்டும் வேலை குணேஸ்வரியிடம் வந்தது. கூரை விழுவதைவிடப் பொய் சொல்வது சின்னப் பாவம் என்று முருகனிடம் முன்கூட்டியே ஒரு மன்னிப்பைக் கேட்டு வைத்துக்கொண்டு, இரண்டு வாழையிலைத் துண்டிலும் வெள்ளையையே வைத்துக் கட்டினாள். கோயில் வரைக்கும் அவற்றைச் சுமந்து வந்தது ராதாகிருஷ்ணன்.

குருக்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுச் சீவரத்தினம் தட்டோடு பிராகாரம் சுற்றக் கிளம்பினார். முழங்கால் வலியென்று வழக்கமாக வாசலில் நின்றே கும்பிடுகிறவர், கூட யாரும் வர வேண்டாம் என்று சொல்லி மூன்று சுற்று வந்தார். மனிதருக்கு எவ்வளவு பெரிய வேண்டுதலோ என்று குணேஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

குருக்கள் தட்டைச் சன்னதியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

குணேஸ்வரி பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ராதாகிருஷ்ணன் பேயறைந்தவன்போல் நின்றான். இன்னொரு பொட்டலத்தைப் பிரிக்கப் போன குருக்களைச் சீவரத்தினம் தடுத்து, சாமியைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நல்லவேளை என்று குணேஸ்வரி மூச்சு விட்டாள்.

திரும்பும்போது சீவரத்தினம் முன்னால் நடந்தார். ராதாகிருஷ்ணன் குணேஸ்வரியோடு பின்தங்கினான்.

"அக்கா, பெரிய தப்புப் பண்ணிட்டேன். வர்ற வழியில சூடம் வாங்குறேன்னு பூக்கடைக்குப் போனேன்ல, அங்க நீங்க கட்டினதப் பிரிச்சுக்கூடப் பாக்காம தூக்கிப் போட்டுட்டு, ரெண்டுலயும் சிவப்ப வச்சுப் புதுசாக் கட்டிட்டேன். இப்ப வெள்ளை எப்படிக்கா வந்துச்சு?"

குணேஸ்வரிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தான் கட்டியதை அவன் மாற்றியிருக்கிறான்; அவன் மாற்றியதை மாற்றியது யார்?

"நானும் யோக்கியம் இல்ல, ராதா. மொதல்ல ரெண்டுலயும் வெள்ளையத்தான் கட்டினேன்."

இருவரும் நடுவழியில் நின்று கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். முருகனே இறங்கி வந்து பூவை மாற்றிய பிறகு அதற்கு மேல் அப்பீல் ஏது? திங்கட்கிழமையே பெரியதைப் படிக்க உட்காருவதாக ராதாகிருஷ்ணன் வாக்குக் கொடுத்தான். சொல்லிக்கொடுப்பது தன் பொறுப்பு என்றாள் குணேஸ்வரி. ஒரு மாதப் பகை நூறு அடி நடப்பதற்குள் தீர்ந்துபோனது.

அலுவலக வாசலை அடைத்துக்கொண்டு ஒரு லோரி நின்றது. அதைக் கண்டதும் சீவரத்தினம் முழங்காலை மறந்து ஓடினார், ஓடிக்கொண்டே கையை ஆட்டி ஏதோ சைகை காட்டினார். லோரிக்காரர் அதைக் கவனிக்கவில்லை. காகிதத்தை நீட்டிக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

"பாஸ், நீங்க போன மாசம் ஆர்டர் பண்ண பெரிய கம்ப்யூட்டர் வந்துருச்சு, எங்க எறக்குறது?"