விசில் ஊத மறுத்த நடத்துநர்

1984 ஆகஸ்டு 14, செவ்வாய்க்கிழமை. ஓட்டுநரை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்த பிறகே பேருந்தை அனுப்ப வேண்டும் என்று ஒரு தனியார் நிறுவனம் விதி எழுதி வைத்திருக்கிறது. அவ்விதியை அந்நிறுவனமே மதிப்பதில்லை.

சித்தேரி மலைக்குப் புறப்படும் காலைப் பேருந்தின் பின்படியில் நடத்துநர் அப்துல் கனி நிற்கிறார். நேரக் காப்பாளர் தலை நிமிராமலேயே கையெழுத்திட்டுக் கொடுத்த சோதனைத் தாளை, ஓட்டுநர் மாயவன் கண்ணாடியோரம் செருகுகிறார். சற்றுமுன் மாயவன் கடந்து சென்றபோது வீசிய சாராய நெடி கனியின் மூக்கை விட்டு இன்னும் அகலவில்லை. இயந்திரம் உறுமுகிறது, இருக்கைகள் அதிர்கின்றன, சன்னல் கம்பிகளில் இளவெயில் நடுங்குகிறது. விசில் மட்டும் கனியின் மூடிய கைக்குள் கிடக்கிறது.

“என்ன பாய், விசிலுக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?” என்று ஒருவர் கேட்க, பேருந்தே சிரிக்கிறது.

“மாயவண்ணே, எறங்கிப் போயி சோதன பண்ணிக்கிட்டு வாங்க. அப்பறம் ஊதறேன்.”

“இருவது வருசமா ஓட்டறேன்டா! கண்ணக் கட்டி வுட்டாலும் மல ஏறுவேன்.”

“ஏறுவீங்கண்ணே. இத்தன பேர ஏத்திக்கிட்டு வேணாங்க.”

சிரிப்பு அடங்குகிறது. “வண்டிய எடுக்கலைன்னா ஒனக்கு நாளைக்கு வேல இல்ல,” என்று நேரக் காப்பாளர் அறைக்குள்ளிருந்தே கத்துகிறார். கனியின் விரல்கள் இன்னும் இறுகுகின்றன. முன்னிருக்கையில் இருந்த சின்னம்மாள் என்ற பயணி, உறங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கீழே இறங்குகிறாள்.

நேரமாகிறது என்று முணுமுணுத்தபடி உள்ளேயே அமர்ந்திருக்கும் வாசகரே, நீரும் இறங்கும். சோதனை முடியும்வரை மீண்டும் ஏறாதீர்.