ஆளுக்கு ஆள்

முன்பெல்லாம் இரண்டு நாடுகளுக்குள் மனக்கசப்பு வந்தால் தூதர்களை ஆளுக்கு ஆள் வெளியேற்றுவார்கள். இப்போது மருமகன்களை.

யாழ்ப்பாணத்துத் தயாபரனும் நாகப்பட்டினத்து அன்பரசுவும் ஒருவர் தங்கையை மற்றவர் கட்டி, மாமனார் வீட்டோடு இருந்தவர்கள். அதிகாரிகளுக்கு ஆள் தேடும் வேலை மிச்சம்.

நாகப்பட்டினம் துறைமுகத்தில், தயாபரன் ஏற வேண்டிய கப்பலிலிருந்து அன்பரசு இறங்கினான்.

"என் தங்கச்சி வான்மதிய நான் பாத்துக்கிறேன் மச்சான். உங்க தங்கச்சிக்கு இதுதான் மாசம்."

"பிள்ளை பிறந்தவுடன படம் அனுப்புறன்."

"படம் வந்துரும். பேரு? அப்பன்ல காதுல சொல்லணும்!"

"தாய்மாமன் நானிருக்கிறன். என்ன பேரெண்டு சொல்லுங்கோ."

காவலர் அவசரப்படுத்தினார். அன்பரசு தயாபரனின் காதருகே குனிந்து, அந்தப் பெயரை மூன்று முறை சொன்னான்.